வலிமையும் வரிசையும்

விளையாட்டுப் போட்டியில் வெற்றி தோல்வியை முடிவு செய்வது ஆடுகளம் என்றே நாம் எண்ணுகிறோம். அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் ஆட்டம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பே, ஓர் அறையில் சிலர் கூடி அமர்ந்து, எந்த அணி எந்த அணியோடு, எந்த ஊரில், எந்தச் சுற்றில் மோத வேண்டும் என்று வகுத்துவிடுகிறார்கள். அந்த ஏற்பாட்டில் ஓர் அணிக்குக் கிடைக்கும் இடம் அதன் விதியையே மாற்றக்கூடும். ஆகவேதான் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் மகளிர் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிக்கான அட்டவணை வெளியானதும், “எங்கள் அணிக்கு அநீதி இழைத்துவிட்டார்கள்” என்ற குரல் நாலா பக்கமும் எழுகிறது.

அந்தப் போட்டி நமக்குத் தொலைவில் நடப்பது. அதில் ஆடும் கல்லூரிகளின் பெயர்கூட நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். எனினும் அதனைச் சுற்றி எழும் வாதத்தில் அறிவியல் மாணவனுக்கும், இலக்கிய மாணவனுக்கும், தேர்வு எழுதும் எவருக்கும் பயன்படும் ஒரு பாடம் இருக்கிறது. “வலிமையான அணி எது?” என்ற கேள்வியும் “முதலிடத்துக்கு உரிய அணி எது?” என்ற கேள்வியும் ஒன்றுதானா? இதனைச் சற்று ஆராய்வோம்.

போட்டியின் அமைப்பு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்களை நடத்தும் தலைமை அமைப்பு தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், என்.சி.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைப்பர். அது மகளிருக்கான கூடைப்பந்துப் போட்டியை முதன் முதலில் நடத்தியது 1982-ஆம் ஆண்டில். அன்று கலந்துகொண்ட அணிகள் 32. இறுதி ஆட்டத்தில் லூசியானா டெக் அணி, செய்னி ஸ்டேட் அணியை 76-62 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. 1994-இல் அணிகளின் தொகை 64 ஆயிற்று. 2022-இல் 68 ஆயிற்று.

முதல்தரப் பிரிவில் சுமார் 360 மகளிர் அணிகள் இருக்கின்றன. இவை ‘கான்பரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து பருவம் முழுவதும் ஆடுகின்றன. ஒவ்வொரு கூட்டமைப்பிலும் வாகை சூடும் அணிக்குப் பெரும் போட்டியில் தாமாகவே இடம் உண்டு. 2025-இல் அவ்வாறு வந்தவை 31 அணிகள். எஞ்சிய 37 இடங்களுக்கு உரியவர்களைத் தேர்வுக் குழு ஒன்று தெரிந்தெடுத்தது. பின்னர் அக்குழுவே 68 அணிகளையும் ஒன்று முதல் அறுபத்தெட்டு வரை தரம் பிரித்து, நான்கு மண்டலங்களில் நிரப்புகிறது. கடைசி இடங்களுக்கான நான்கு முன்னோடி ஆட்டங்கள் முடிந்தபின், மண்டலத்துக்குப் பதினாறு அணிகள் மிஞ்சும். ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் எண் அணி பதினாறாம் எண் அணியோடும், இரண்டாம் எண் பதினைந்தாம் எண்ணோடும், எட்டாம் எண் ஒன்பதாம் எண்ணோடும் மோதும். தோற்றவர் வீடு திரும்ப வேண்டியதுதான். மறு வாய்ப்பு இல்லை.

இவ்வாறு எண் கொடுத்து அமர்த்துவதை ஆங்கிலத்தில் ‘சீடிங்’ என்கிறார்கள். விதைத்தல் என்பது அதன் பொருள். நல்ல விதைகளை ஒரே குழியில் கொட்டாமல் பாத்தி முழுவதும் இடைவெளி விட்டு ஊன்றுவதுபோல, நல்ல அணிகளை ஒரே மூலையில் குவிக்காமல் பரப்பி வைப்பது என்று கொள்ளலாம். இக்கட்டுரையில் அந்த எண்ணை ‘வரிசை எண்’ என்றே குறிப்பிடுவோம்.

சீட்டுக் குலுக்கினால் என்ன?

“இத்தனை தொல்லை எதற்கு? நம் விடுதிப் போட்டிகளில் செய்வதுபோலச் சீட்டுக் குலுக்கிப் போட்டால் ஆகாதா?” என்று கேட்கலாம். இக்கேள்விக்கு 1883-ஆம் ஆண்டிலேயே விடை சொன்ன ஒரு கணித ஆசிரியர் உண்டு. அவர் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய சார்லஸ் டாட்ஜ்சன். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் ‘ஆலிசின் அற்புத உலகம்’ கதையை எழுதி உலகப் புகழ் பெற்றவர். டென்னிஸ் போட்டி ஒன்றில் தொடக்கத்திலேயே தோற்ற ஒருவர், தம்மினும் தாழ்ந்தவர் இரண்டாம் பரிசைத் தட்டிச் செல்வதைக் கண்டு புலம்பினாராம். அதைக் கேட்ட டாட்ஜ்சன் அந்த அநீதியைக் கணக்கிட்டு ஒரு சிறு நூலே வெளியிட்டார்.

கணக்கு எளிது. 32 பேர் கலந்துகொள்ளும் போட்டியில் மிகச் சிறந்தவர் எங்கோ ஓரிடத்தில் அமர்ந்துவிட்டார். எஞ்சிய இடங்கள் 31. இரண்டாவது சிறந்தவர் இறுதி ஆட்டத்தை எட்ட வேண்டுமானால் அவர் மறுபாதியில் இருக்கும் 16 இடங்களில் ஒன்றில் அமர்ந்திருக்க வேண்டும். ஆகவே, வல்லவரே எப்போதும் வெல்வார் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாமவருக்கு இரண்டாம் பரிசு கிடைக்கும் நிகழ்தகவு 16/31 மட்டுமே. ஏறக்குறையக் காசு சுண்டுவதற்குச் சமம்! 64 அணிகள் இருந்தால், சிறந்த நான்கு அணிகளும் நான்கு மூலைகளில் தனித்தனியே அமர்ந்து அரை இறுதியை எட்டும் வாய்ப்பு, சீட்டுக் குலுக்கினால், பத்தில் ஒரு பங்குதான்.

எனவே வரிசை எண் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதனை எந்த அடிப்படையில் கொடுப்பது என்பதில்தான் வழக்கு தொடங்குகிறது.

வலிமையை அளப்பது எப்படி?

360 அணிகளில் எந்த இரண்டை எடுத்தாலும் கிடைக்கும் சோடிகள் 64,000-க்கு மேல். அணிக்குச் சுமார் 30 ஆட்டம் என்றால் பருவம் முழுவதும் நடப்பவை ஏறத்தாழ 5,400 ஆட்டங்களே. அவற்றிலும் பல ஒரே கூட்டமைப்புக்குள் இருமுறை ஆடப்படுபவை. ஆகப் பத்துச் சோடிகளில் ஒன்றுகூட நேரில் சந்திப்பதில்லை. சந்திக்காத அணிகளை ஒப்பிட வேண்டுமானால் கணக்கின் துணை வேண்டும்.

பல ஆண்டுகள் பயன்பட்டது ஆர்.பி.ஐ. என்னும் குறியெண். அதில் ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்குக் கால் பங்கு. அதன் எதிரிகளின் வெற்றி விகிதத்துக்கு அரைப் பங்கு. எதிரிகளின் எதிரிகளுடைய விகிதத்துக்குக் கால் பங்கு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதல் அணி 25 ஆட்டங்களில் 20 வென்றது, விகிதம் 0.8. அதன் எதிரிகளின் விகிதம் 0.6, அவர்தம் எதிரிகளுக்கு 0.5. கூட்டினால் 0.625 வரும். இரண்டாம் அணி 15 ஆட்டங்களே வென்றது, விகிதம் 0.6. ஆனால் எதிரிகளின் விகிதம் 0.7, அவர்தம் எதிரிகளுக்கு 0.55. கூட்டினால் 0.6375! இருபது ஆட்டம் வென்றவரைப் பதினைந்து வென்றவர் முந்திவிடுகிறார்.

இது முற்றிலும் தவறென்று சொல்வதற்கில்லை. கடினமான எதிரிகளைச் சந்தித்தவருக்கு மதிப்புக் கொடுக்கத்தானே வேண்டும்? ஆனால் இக்குறியெண்ணில் பாதிக்கு மேல் நாம் செய்ததைப் பொறுத்ததன்று. நம் எதிரிகள் பிறரோடு ஆடும்போது செய்ததைப் பொறுத்தது. நலிந்த அணி ஒன்றை வென்றதாலேயே குறியெண் குறைந்துபோகும் வேடிக்கையும் இதில் உண்டு. ஒரு புள்ளியில் வென்றாலும் நாற்பது புள்ளியில் வென்றாலும் இதற்கு ஒன்றே.

கணித நூலோர் காட்டும் மற்றொரு வழி உண்டு. கணக் கோட்பாட்டில் புகழ் பெற்ற செர்மெலோ என்ற ஜெர்மானியர் 1929-இல் சதுரங்க ஆட்டக்காரர்களுக்காக அதனை வகுத்தார். 1952-இல் பிராட்லி, டெரி என்ற இருவர் மீண்டும் கண்டனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு வலிமை எண் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் வலிமை 3, மற்றொன்றின் வலிமை 1 என்றால், அவை மோதும்போது முதல் அணி நான்கில் மூன்று முறை வெல்லும். இப்போது நடந்த ஆட்டங்களின் முடிவுகளுக்கு மிகவும் பொருந்தி வருமாறு எல்லா அணிகளின் வலிமை எண்களையும் ஒருங்கே கண்டுபிடிக்க வேண்டும். என் வலிமை என் எதிரியின் வலிமையைப் பொறுத்தது. அவன் வலிமை அவன் எதிரியைப் பொறுத்தது. பள்ளியில் இரண்டு மாறிகளுக்கு நாம் தீர்த்த சமன்பாடுகளை இங்கே 360-க்குத் தீர்க்கிறோம், அவ்வளவே.

மகளிர் போட்டியில் 2020-21 பருவம் முதல் ஆர்.பி.ஐ.-யைக் கைவிட்டு ‘நெட்’ என்ற புதிய கணக்கை மேற்கொண்டார்கள். எதிரியின் தரம், ஆட்டம் நடந்த இடம், பந்து கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் அணி சராசரியாக ஈட்டும் புள்ளி, விட்டுக்கொடுக்கும் புள்ளி ஆகியவை அதில் கலந்துள்ளன. ஆண்கள் போட்டியில் இதே மாற்றம் 2018-19-லேயே வந்துவிட்டது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அளவுகோலிலும் மகளிர் இரண்டாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

ஈட்டியதா? இருப்பதா?

இனி நம் முதற் கேள்விக்கு வருவோம். தேர்வுக் குழுவின் முன் இருப்பவை உண்மையில் இரண்டு கேள்விகள்.

ஒன்று: இந்தப் பருவத்தில் யார் அதிகம் சாதித்தார்கள்? இது கடந்த காலத்தைப் பற்றியது. வென்ற ஆட்டங்கள், வெல்லப்பட்ட எதிரிகளின் தரம், தோல்விகளின் தன்மை ஆகியவை இதற்குச் சான்று. இதனை ‘ஈட்டிய தகுதி’ என்போம்.

மற்றொன்று: நாளைக் காலை ஆடினால் யார் வெல்வார்கள்? இது எதிர்காலத்தைப் பற்றியது. அணியின் இன்றைய நிலை, காயம்பட்டோர், காயம் ஆறித் திரும்பியோர், ஆட்டத்தின் நேர்த்தி ஆகியவை இதற்குச் சான்று. இதனை ‘இருக்கும் வலிமை’ என்போம்.

தேர்வுக் குழுவுக்கு வகுத்துள்ள நெறிகளில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. நேரடி மோதலில் வென்றவர் யார், பொது எதிரிகளிடம் எப்படி ஆடினர், குறிப்பிடத்தக்க வெற்றிகள் எத்தனை என்பன முதல் வகை. வீராங்கனைகள் ஆடக்கூடிய நிலையில் உள்ளனரா, பருவத்தின் முற்பகுதிக்கும் பிற்பகுதிக்கும் வேறுபாடு உண்டா, நேரில் பார்த்தவர்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்பன இரண்டாம் வகை. எந்த நெறிக்கு எவ்வளவு எடை என்று வரையறை இல்லை. ஆதலால் ஒவ்வொரு விசிறியும் தன் அணிக்குச் சாதகமான கேள்வியை எடுத்துக்கொண்டு, மற்றவன் வேறொரு கேள்விக்குச் சொன்ன விடையை மறுக்கிறான். விடிய விடிய வாதம் நடந்தும் முடிவு வராததன் காரணம் இதுவே.

2025-ஆம் ஆண்டு வழக்கு

இதற்கு மிகத் தெளிவான சான்று 2025-ஆம் ஆண்டுப் போட்டி. அவ்வாண்டு நான்கு மண்டலங்களின் முதல் எண்களைப் பெற்றவை லாஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் (யூ.சி.எல்.ஏ.), தென் கரோலினா, டெக்சஸ், தென் கலிபோர்னியா ஆகிய நான்கும். கனெக்டிகட் பல்கலைக்கழக அணி, மூன்றே தோல்விகளோடு வந்திருந்தும், தென் கலிபோர்னியாவின் மண்டலத்தில் இரண்டாம் எண் பெற்றது.

ஈட்டிய தகுதியைக் கேட்டால் குழுவின் பக்கம் நியாயம் இருந்தது. 2024 டிசம்பரில் கனெக்டிகட்டின் மாநிலத்துக்கே சென்று, ஹார்ட்போர்டு நகரில் தென் கலிபோர்னியா 72-70 என்று வென்றிருந்தது. கனெக்டிகட் நோத்ர தாமிடமும் டென்னசியிடமும் தோற்றிருந்தது. அதன் கூட்டமைப்போ மற்ற நான்கு அணிகளின் கூட்டமைப்புகளைப்போல அவ்வளவு கடினமானதன்று.

இருக்கும் வலிமையைக் கேட்டால் விடை வேறு. 2025 பிப்ரவரியில் கனெக்டிகட், தென் கரோலினாவின் சொந்த அரங்குக்கே சென்று 87-58 என்று 29 புள்ளி வேறுபாட்டில் வென்றது. இரண்டாம் எண் அணி செய்யும் காரியமா அது என்று பலர் வியந்தனர்.

இந்த அணிகளை நேரடி மோதல்களைக் கொண்டே வரிசைப்படுத்தப் பார்த்தாலும் தலை சுற்றும். யூ.சி.எல்.ஏ. தென் கரோலினாவை வென்றது, யூ.சி.எல்.ஏ.-யைத் தென் கலிபோர்னியா இருமுறை வென்றது. பின்னர் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் அதனிடமே தோற்றது. தென் கரோலினாவும் டெக்சசும் தம் கூட்டமைப்பில் சமநிலையில் நின்றதால், அங்கே முதலிடம் யாருக்கு என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்தார்கள்!

போட்டியில் நடந்தது யாது? தென் கலிபோர்னியாவின் தலைசிறந்த வீராங்கனை ஜூஜூ வாட்கின்ஸ் இரண்டாம் சுற்றிலேயே முழங்காலில் பலத்த காயம்பட்டு வெளியேறினார். மண்டல இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட் 78-64 என்று வென்றது. அரை இறுதியில் யூ.சி.எல்.ஏ.-யை 85-51 என்றும், இறுதியில் தென் கரோலினாவை 82-59 என்றும் வென்று வாகை சூடியது.

“பார்த்தீர்களா? குழு தவறு செய்துவிட்டது!” என்று உடனே சொல்லத் தோன்றும். பொறுத்திருங்கள். எண் வழங்கிய நாளில் வாட்கின்ஸ் நலமாக இருந்தார். அன்றுவரை நடந்தவற்றுக்கே குழு கணக்குத் தீர்த்தது. பின்னர் நடக்கப் போவதற்கு அது சோதிடம் சொல்லவில்லை. கனெக்டிகட் வென்றது அதன் வலிமைக்குச் சான்று. அதற்குக் கொடுத்த எண் தவறு என்பதற்கு அது தனியே சான்று ஆகாது.

ஒரு போட்டி எதனை மெய்ப்பிக்கும்?

இங்கே நிகழ்தகவு நமக்குத் துணை நிற்கிறது. ஓர் அணி எவரை எதிர்த்தாலும் பத்தில் ஒன்பது முறை வெல்லும் அளவுக்கு வலிமை உடையது என்று வைத்துக்கொள்வோம். வாகை சூட அது தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வெல்ல வேண்டும். 0.9-ஐ ஆறு முறை பெருக்கினால் 0.53 கிடைக்கும். அதாவது அத்தகைய மாபெரும் அணியும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெறுங்கையோடு திரும்பும். நான்கில் மூன்று முறை வெல்லக்கூடிய அணிக்கோ அந்த வாய்ப்பு 0.18-தான்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. கனெக்டிகட் அணி 111 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று நின்ற நேரத்தில், 2017 அரை இறுதியில் மிசிசிப்பி ஸ்டேட் அணியிடம் கூடுதல் நேரத்தில் 66-64 என்று வீழ்ந்தது. 2023-இல் தோல்வியே காணாமல் வந்த தென் கரோலினா அரை இறுதியில் அயோவாவிடம் 77-73 என்று தோற்றது. அந்த அயோவாவை வென்று வாகை சூடிய லூசியானா ஸ்டேட் அணியின் வரிசை எண் 3. ஒருநாள் ஆட்டத்தைக் கொண்டு ஓர் ஆண்டுக் கணக்கை மறுத்துவிட முடியாது. பல ஆண்டு முடிவுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால்தான் அளவுகோலின் நேர்மை விளங்கும். அவ்வாறு பார்த்தால், 1982 முதல் 2025 வரை மூன்றுக்குக் கீழான வரிசை எண் பெற்ற எந்த அணியும் வாகை சூடியதில்லை. குழுவின் கணிப்பு மொத்தத்தில் பெரிதும் பிழைபட்டதாகச் சொல்ல முடியாது.

ஹார்வர்டின் வெற்றி

எனினும் விதிவிலக்குகள் நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றன. 1998 மார்ச் 14-இல் பதினாறாம் எண் பெற்ற ஹார்வர்டு, முதல் எண் பெற்ற ஸ்டான்போர்டை அதன் சொந்த அரங்கிலேயே 71-67 என்று வென்றது. ஹார்வர்டின் அலிசன் பீஸ்டர் தனியொருவராக 35 புள்ளிகள் ஈட்டினார். ஆடவர் போட்டியிலும் சரி, மகளிர் போட்டியிலும் சரி, பதினாறாம் எண் முதல் எண்ணை வீழ்த்தியது அதுவே முதல் முறை. ஆடவர் போட்டியில் அது நிகழ மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. மகளிர் போட்டியில் 2025 வரை அது மீண்டும் நிகழவில்லை.

இதனை வெறும் அற்புதம் என்று விட்டுவிடலாகாது. போட்டிக்குச் சற்று முன்னர் ஸ்டான்போர்டின் முன்னணி வீராங்கனைகள் இருவர் முழங்காலில் காயம்பட்டுப் போயினர். முதல் எண், பருவம் முழுவதும் ஆடிய ஸ்டான்போர்டு ஈட்டிய தகுதி. அன்று களத்தில் இறங்கியதோ வேறொரு ஸ்டான்போர்டு. ஹார்வர்டு பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. சிறு கூட்டமைப்பில் ஆடும் அணிக்குப் பெரிய அணிகளை வெல்லும் வாய்ப்பே அரிது. தன் தகுதியை மெய்ப்பிக்கச் சான்று இல்லாதவருக்குத் தகுதியே இல்லை என்று முடிவு கட்டுவது அறிவியல் ஆகாது.

அந்த ஒரு தோல்வி மண்டலம் முழுவதையும் குலுக்கியது. அடுத்த சுற்றில் ஹார்வர்டை வென்ற ஆர்க்கன்சா அணி, ஒன்பதாம் எண்ணோடு அரை இறுதி வரை சென்றது. அவ்வளவு தாழ்ந்த எண்ணோடு அந்தச் சுற்றை எட்டிய மகளிர் அணி 2025 வரை வேறில்லை.

சொந்த அரங்கு என்னும் பரிசு

இதுகாறும் வரிசை எண்ணை ஓர் அளவுகோலாகவே கருதினோம். மகளிர் போட்டியில் அது அளவுகோல் மட்டுமன்று, பரிசும் ஆகும். வாதத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

ஆடவர் போட்டியில் எல்லா ஆட்டங்களும் பொது இடங்களில் நடக்கின்றன. மகளிர் போட்டியிலோ, 2015 முதல், மண்டலத்துக்கு நான்காக முதல் 16 இடங்களைப் பெறும் அணிகள் முதல் இரண்டு சுற்றுக்களைத் தம் சொந்த அரங்கிலேயே ஆடுகின்றன. தொற்று நோய்க் காலமான 2021-இல் மட்டும் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ வட்டாரத்தில் எல்லா ஆட்டங்களும் நடந்தன. பொது ஊரில் வைத்தால் இருக்கைகள் காலியாகக் கிடக்கும், சொந்த ஊரில் வைத்தால் அரங்கு நிரம்பும் என்பது இதற்குச் சொல்லும் காரணம். அது பொய்யன்று. ஆனால் விளைவைப் பாருங்கள். பதினாறாம் இடத்துக்கும் பதினேழாம் இடத்துக்கும் உள்ள வலிமை வேறுபாடு மயிரிழை அளவே. எனினும் முன்னவர் தம் மக்கள் ஆரவாரம் செய்யச் சொந்தத் தரையில் ஆடுகிறார். பின்னவர் பயணப்பட்டு அயலூரில் ஆடுகிறார். தொடர்ச்சியாக ஓடும் ஓர் அளவைக் கத்தியால் வெட்டினால் வெட்டு விழும் இடத்தில் நிற்பவருக்கு அநீதி நேராமல் இராது. ஒரு மதிப்பெண்ணில் இடம் தவறிய மாணவருக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

இதில் தருக்கச் சிக்கல் ஒன்றும் உண்டு. உயர்ந்த எண் பெற்றவர் வென்றால், “எண் சரியாகத்தான் கொடுக்கப்பட்டது” என்கிறோம். ஆனால் அவர் வென்றது வலிமையாலா, எண் தந்த அரங்காலா? அளக்கும் கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிட்டால் அளவை எப்படி நம்புவது? 2022-இல் இது மற்றொரு வடிவில் வெளிப்பட்டது. முதல் எண் பெற்ற வட கரோலினா ஸ்டேட் அணி, மண்டல இறுதி ஆட்டத்தை பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆட வேண்டியதாயிற்று. அந்நகரம் இருப்பது கனெக்டிகட் மாநிலத்தில். எதிரி இரண்டாம் எண் பெற்ற கனெக்டிகட் பல்கலைக்கழகம்! மேலும், பருவத்தின் நடுவில் பல வாரங்கள் காயத்தால் ஆடாதிருந்த பெய்ஜ் பூக்கர்ஸ் அப்போது கனெக்டிகட் அணிக்குத் திரும்பியிருந்தார். இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின் கனெக்டிகட் 91-87 என்று வென்றது. முதல் எண் யாருக்கு என்று ஏட்டில் இருந்தது. சொந்த மண்ணின் ஆரவாரம் மற்றவருக்கு இருந்தது.

பணமும் இதில் சேர்ந்துவிட்டது. போட்டியில் அணிகள் முன்னேறும் அளவுக்கேற்ப அவற்றின் கூட்டமைப்புகளுக்குப் பங்கு வழங்கும் முறை ஆடவர் போட்டியில் பல்லாண்டுகளாக உண்டு. மகளிருக்கு அது வந்தது 2025-இல்தான். ஆகவே இன்று வரிசை எண்ணில் ஏற்படும் ஒரு பிழை, அரங்கையும், ஒரு சுற்றையும், அதன் வழியே ஒரு கல்லூரியின் வருவாயையும் தொடுகிறது.

மகளிருக்கு உரியது இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதை மறக்கலாகாது. 2021-இல் ஆடவருக்கு விரிந்த உடற்பயிற்சிக் கூடமும், மகளிருக்குச் சில எடைக்குண்டுகள் அடுக்கிய ஒரு சிறு தாங்கியும் வைக்கப்பட்டிருந்ததை ஆரிகன் அணியின் செடோனா பிரின்ஸ் படம்பிடித்து உலகுக்குக் காட்டினார். அதன் பின்னரே பல சீர்திருத்தங்கள் வந்தன. மூன்றே ஆண்டுகளில், 2024 மகளிர் இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல் கண்டுகளித்தனர். அவ்வாண்டு ஆடவர் இறுதி ஆட்டத்தைக் கண்டவர்களைவிட அது மிகுதி. வரிசை எண்ணைப் பற்றி இன்று இவ்வளவு கடுமையாக வாதிடுகிறார்கள் என்பதே அப்போட்டி பெற்றுவிட்ட மதிப்புக்கு ஒரு சான்று எனலாம்.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, இரண்டு கேள்விகளையும் பிரித்து வைக்க வேண்டும். யாருக்கு இடம், யாருக்குச் சொந்த அரங்கு என்பவை பரிசுகள். அவற்றை ஈட்டிய தகுதிக்கே கொடுப்பது முறை. வருங்கால வெற்றியை ஊகித்துப் பரிசு வழங்கினால், ஆடி வென்றவருக்கு அநீதி. ஆனால் எந்த இரு வலிய அணிகள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாமல் பார்ப்பது என்பது ஏற்பாட்டைச் சேர்ந்தது. அங்கே இருக்கும் வலிமையைக் கருதுவது தவறன்று. டாட்ஜ்சன் கண்ட புலம்பல் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறார்கள். ‘வரம்புக்கு மேற்பட்ட வெற்றிகள்’ என்ற கணக்கை மகளிர் குழுவும் 2025-26 பருவம் முதல் சேர்த்துக்கொண்டுள்ளது. போட்டியில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்ற விளிம்பில் நிற்கும் ஓர் அணி, நம் அணியின் ஆட்டப் பட்டியலை ஆடியிருந்தால் எத்தனை வென்றிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அது 21 என்றும் நாம் வென்றது 25 என்றும் கொண்டால் நம் மதிப்பு 4. நாற்பது புள்ளியில் வென்றோமா, நான்கு புள்ளியில் வென்றோமா என்று இது கேட்பதில்லை; யாரை, எங்கே வென்றோம் என்று மட்டுமே கேட்கிறது. இது ஈட்டிய தகுதியின் அளவு. ‘நெட்’ பெரும்பாலும் வலிமையின் அளவு. இரண்டு அளவுகளும் தனித்தனியே மேசைமேல் இருக்குமானால், எதற்கு எதைப் பயன்படுத்தினோம் என்று குழு வெளிப்படையாகச் சொல்ல முடியும்.

நண்பர்களே! நம் வளாகத்திலும் இத்தகைய வாதங்களுக்குக் குறைவில்லை. சிறந்த மட்டையாளர் யார், சிறந்த விடுதி எது, இந்தப் பரிசு அவருக்கு உரியதா என்று உணவுக்கூடம் மூடும் வரை பேசுகிறோம். இனி அத்தகைய வாதத்தில் இறங்குமுன் எதிரே இருப்பவரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: “நீங்கள் சொல்வது அவர் செய்ததைப் பற்றியா, செய்யக்கூடியதைப் பற்றியா?” பாதி வாதம் அங்கேயே தீர்ந்துவிடும். எஞ்சும் பாதியே வாதிடத் தக்கது.